கிழட்டு நாய்க்கு வித்தை வருமா?

ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் சந்தேகங்களுக்கான பக்கம் இது. போன இதழில் 'யூ கான்ட் டீச் ஆன் ஓல்ட் டாக் நியூ ட்ரிக்ஸ்' என்ற பழமொழியை ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனோம். கிழட்டு நாய்க்குப் புது வித்தை சொல்லிக்கொடுக்க முடியாது என்பது அதன் நேர்ப்பொருள். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. கற்றல், பயிற்சி என்று அதை ஒட்டி வந்த கேள்விகளையும் சேர்த்திருக்கிறோம். ஒரு கேள்வி நிஜ நாயைப் பற்றியது. அதற்கு மட்டும் கால்நடை மருத்துவர் பதில் தருகிறார்.

எங்கள் தலைமையாசிரியர் இந்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறார். 58 வயதுக்கு மேல் ஸ்மார்ட் போர்டையும் ஆன்லைன் வருகைப் பதிவையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். பிரிவு உபசார மலரில் 'ஆவர் ஹெட்மாஸ்டர் இஸ் ஆன் ஓல்ட் டாக் ஹூ லேர்ன்ட் நியூ ட்ரிக்ஸ்' என்று எழுதினேன். உடன் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், "அச்சுக்குப் போறதுக்கு முன்னால அந்த வரியை அடிச்சிரு" என்கிறார். பாராட்டாகத்தானே எழுதினேன்?
— ஆசிரியை, பாளையங்கோட்டை

அக்கா சொல்வதைக் கேளுங்கள். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. யார், யாரைப் பற்றி, எங்கே சொல்கிறார் என்பதில்தான் இடிக்கிறது.

இந்தப் பழமொழியைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் நகைச்சுவை. சம வயது நண்பர்கள் நேரில் சொல்லிக்கொண்டால் கிண்டல். இளையவர் மூத்தவரைப் பற்றி அச்சில் போட்டால் அவமரியாதை. நாயைக் கட்டிலில் படுக்கவைத்துக் கொஞ்சும் இங்கிலாந்துக்காரருக்கும் இது பொருந்தும். 'ஓல்ட் டாக்' என்பதில் வயது மட்டும் இல்லை, 'பழக்கத்தை விடாதவர், இனித் தேறாதவர்' என்ற தீர்ப்பும் உள்ளே இருக்கிறது. "அவர் கற்றுக்கொண்டார்" என்று நீங்கள் முடித்தாலும், "இவருக்கெல்லாம் வராது என்றுதான் நினைத்திருந்தோம்" என்பது வரிக்கு அடியில் கேட்கும். தமிழ் வாசகர் கண்ணில் 'நாய்' என்ற சொல் விழும்போது என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வந்ததை நேராகச் சொல்லுங்கள்: 'அட் ஃபிஃப்டி-எய்ட் ஹி டுக் டு தி ஸ்மார்ட் போர்ட் அண்ட் வாஸ் சூன் ஹெல்பிங் தி ரெஸ்ட் ஆஃப் அஸ்.' 'டுக் டு' என்றால் விரும்பிப் பழகிக்கொண்டார் என்று பொருள். 'இட் இஸ் நெவர் டூ லேட் டு லேர்ன்' என்ற வழக்கும் உண்டு. தேய்ந்துபோன தொடர்தான், ஆனாலும் யாரையும் குத்தாது.

ஏற்புரையில் தலைமையாசிரியரே எழுந்து, 'ஸோ யூ கேன் டீச் ஆன் ஓல்ட் டாக் நியூ ட்ரிக்ஸ்' என்று சொன்னால் கைதட்டு விழும். அந்த வரி அவருக்கு உரியது. வேண்டுமானால் காதில் போட்டு வையுங்கள்.

இதே பழமொழியைக் கட்டுரையில் 'வி கான்ட் லேர்ன் நியூ ட்ரிக் டு ஓல்ட் டாக்' என்று எழுதினேன். சிவப்பு மையால் சுழித்துவிட்டார்கள். கருத்து ஒன்றுதானே?
— கல்லூரி மாணவர், சேரன்மகாதேவி

கருத்து ஒன்றுதான், பிழைகள் மூன்று நான்கு. பழமொழி அச்சு வார்த்தது போன்றது. ஒரு சொல்லை நகர்த்தினாலும் தெரிந்துவிடும்.

முதல் பிழை 'லேர்ன்'. கற்பவர் செய்வது லேர்ன், கற்பிப்பவர் செய்வது டீச். 'ஹி லேர்ன்ட் மீ டைப்பிங்' என்று எழுதுவதும் இதே தவறு. தமிழிலும் 'கற்றான்', 'கற்பித்தான்' என்று வினை வேறாகத்தான் இருக்கிறது. அவசரத்தில்தான் கை மாறுகிறது.

அடுத்து வரிசை. 'டீச்' என்ற வினைக்குப் பின்னால் முதலில் யாருக்கு, பிறகு எதை: டீச் — ஆன் ஓல்ட் டாக் — நியூ ட்ரிக்ஸ். இந்த வரிசையில் 'டு' வரவே வராது. 'யாருக்கு' என்பதைப் பின்னால் தள்ளினால்தான் 'டு' வேண்டும்: டீச் நியூ ட்ரிக்ஸ் டு ஆன் ஓல்ட் டாக். இதுவும் சரியான ஆங்கிலம், ஆனால் பழமொழியின் ஓசை போய்விடும். தமிழில் 'நாய்க்கு' என்று உருபு போட்டே பழகியதால் நம் கை தானாக 'டு'வைத் தேடும். அங்கேதான் கவனம் வேண்டும்.

நாய் ஒருமை, 'ஓல்ட்' உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'ஆன்'. வித்தை பன்மை, எனவே 'ட்ரிக்ஸ்'. 'எ நியூ ட்ரிக்' என்று ஒருமையிலும் சிலர் எழுதுவதுண்டு, அப்போது 'எ' கட்டாயம். நீங்கள் எழுதியதில் இரண்டு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஒன்றுமே இல்லை.

'யூ' என்பதை 'வி' ஆக்க வேண்டாம். இந்த 'யூ' எதிரில் இருப்பவரைக் குறிப்பதல்ல. தமிழில் எழுவாயே இல்லாமல் 'முடியாது' என்று முடிக்கிறோமே, அந்த இடத்தை நிரப்ப வந்த சொல். 'கான்ட்' சுருக்க வடிவம்; அதில் மேற்குறி என், டி எழுத்துகளுக்கு நடுவில் வரும். தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் 'கெனாட்' என்று முழுசாக, ஒரே சொல்லாக எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடலாம். முழுப் பழமொழியையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, 'ஆஸ் தி ப்ராவெர்ப் செய்ஸ்' என்று முன்னால் கட்டியம் கூறுவது பள்ளிக்கூட வழக்கம். நல்ல ஆங்கிலக் கட்டுரையாளர்கள் பாதியைச் சொல்லி மீதியை வாசகரிடம் விட்டுவிடுவார்கள். 'ஓல்ட் டாக், நியூ ட்ரிக்ஸ்' என்று தலைப்பு வைத்தாலே போதும்.

சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். அதில் அத்தை ஒருத்தி, "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்கிறாள். அங்கே இந்த நாய்ப் பழமொழியைப் போட்டுவிடலாமா?
— வாசகர், தென்காசி

அத்தை யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்பதைப் பொறுத்தது. நம் பழமொழியில் அழுத்தம் ஐந்தின் மேல் விழுகிறது. 'சின்னதிலேயே கண்டித்து வளர்த்திருக்க வேண்டாமா' என்று பெற்றவர்களைக் குத்துகிறது. ஆங்கிலப் பழமொழிக்கு இளமையைப் பற்றிக் கவலை இல்லை. 'இந்த வயதில் இனி மெனக்கெடாதே' என்பதோடு சரி. அத்தை தன் அண்ணன் பெண்டாட்டியிடம் பிள்ளை வளர்ப்பைக் குறை சொல்கிறாள் என்றால் நாய் உதவாது. 'ஆஸ் தி ட்விக் இஸ் பென்ட், ஸோ க்ரோஸ் தி ட்ரீ' (சிறு கிளையை வளைத்தபடியே மரம் வளரும்) பக்கத்தில் வரும். வளைப்பதும் அதிலேயே இருக்கிறது. 60 வயது மாமா செல்போனைத் தொடமாட்டேன் என்கிறார், அதற்காகச் சொல்கிறாள் என்றால் நாயையே போடலாம்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்திருக்கிறேன். அப்ரென்டிஸ் இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன். 'ஐ ஆம் ட்ரெய்னபிள். ஐ ஆம் ஹேவிங் ஃபாஸ்ட் லேர்னிங். ஐ டுக் மெனி ட்ரெய்னிங்ஸ்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
— வாசகர், பேட்டை

மூன்று வாக்கியத்தையும் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ட்ரெய்னபிள்' என்றால் 'பழக்கிவிடலாம்' என்று பொருள். நாய், குதிரை, இந்நாளில் கணினியில் பழக்கும் ஏ.ஐ. மாடல் இவற்றுக்குப் பொருந்தும் சொல். மனிதரைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கச் சிறப்புப் பள்ளிகள் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளை 'எஜுகபிள்', 'ட்ரெய்னபிள்' என்று இரண்டு தட்டாகப் பிரித்தன. படிப்பு ஏறும் என்று கருதிய குழந்தைகளை முதல் தட்டில் வைத்தார்கள். அன்றாட வேலைகளை மட்டும் பழக்கலாம் என்று கருதியவர்களை இரண்டாவதில். அந்த வகைப்பாடு இன்று கைவிடப்பட்டுவிட்டது. விண்ணப்பத்தில் 'நான் ட்ரெய்னபிள்' என்று யாரும் எழுதாததற்குச் சொல்லின் இந்த வாடையும் ஒரு காரணம். நிறுவனத்தார் தங்களுக்குள், 'வி நீட் ட்ரெய்னபிள் கேண்டிடேட்ஸ்' என்று பேசிக்கொள்வார்கள். அது அவர்கள் பக்கத்துச் சொல்.

நம் பக்கத்துச் சொல் 'க்விக் லேர்னர்'. 'ஐ ஆம் எ க்விக் லேர்னர்' அல்லது 'ஐ லேர்ன் க்விக்லி' சரியான ஆங்கிலம். 'ஹேவிங்' வேண்டாம், குணம், திறமை, உறவு இவற்றுக்கு 'ஐ ஹேவ்' என்றுதான் வரும், 'ஐ ஆம் ஹேவிங்' வராது.

இதோடு நிறுத்தினாலும் பயன் கொஞ்சம்தான். கட்டாக வரும் விண்ணப்பங்களில் இந்த வரி பலவற்றிலும் இருக்கும், தேர்வு செய்பவர் கண் அதில் நிற்காது. எதை, எவ்வளவு காலத்தில், எந்த அளவுக்குக் கற்றீர்கள் என்று அடுத்த வரியிலேயே எழுதுங்கள். ஃபிட்டர் இரண்டு ஆண்டுப் படிப்பு. சொல்வதற்கு நிறைய இருக்கும். மாதிரிக்கு: 'இன் மை ஃபர்ஸ்ட் இயர் ஐ லேர்ன்ட் டு ஃபைல் எ மைல்ட் ஸ்டீல் ப்ளாக் ஸ்கொயர் அண்ட் செக் இட் வித் எ வெர்னியர் காலிப்பர்.' அரம் போட்டுச் சதுரம் எடுத்தேன், வெர்னியரில் அளந்து சரிபார்த்தேன் என்று எழுதினால் பட்டறை தெரிந்தவர் அந்த வரியில் நிற்பார். செய்யாததை எழுத வேண்டாம். நேர்காணலில் அந்த வெர்னியரைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

'ட்ரெய்னிங்' எண்ண முடியாத பெயர், 'ட்ரெய்னிங்ஸ்' தவறு. இரண்டு பயிற்சி என்றால் 'டூ ட்ரெய்னிங் கோர்சஸ்'. பயிற்சி பெற்றேன் என்பதற்கு 'ஐ அண்டர்வென்ட் ட்ரெய்னிங்' அல்லது 'ஐ வாஸ் ட்ரெய்ன்ட்'. நம் ஊரில் 'ட்ரெய்னிங் எடுத்தேன்' என்று சொல்வது ஆங்கிலத்தில் சிக்கல் தரும். 'டுக் ட்ரெய்னிங்' என்று சிலர் பேச்சில் சொன்னாலும் விண்ணப்பத்துக்கு ஆகாது. 'ஐ கேவ் ட்ரெய்னிங்' என்றால் நீங்கள் அடுத்தவருக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். ஒட்டுச்சொல்லும் முக்கியம்: தொழிலின் பெயருக்கு 'ட்ரெய்ன்ட் ஆஸ் எ ஃபிட்டர்', திறமைக்கு 'ட்ரெய்ன்ட் இன் வெல்டிங்', இடத்துக்கு 'ட்ரெய்ன்ட் அட்'. இந்த மூன்றும் மாறிப்போன விண்ணப்பங்கள் ஏராளம்.

கடைசியில் 'ஈ' என்று முடிவது பெறுபவர், 'அர்' என்று முடிவது தருபவர்: ட்ரெய்னீ, ட்ரெய்னர். ஒரு எழுத்து மாறினால் நீங்கள் பயிற்சியாளர் பதவிக்கு மனுப் போட்டதாகிவிடும்.

கடைக்குப் புதிதாக வந்த பையனுக்கு வேலை பழக்கினேன் என்பதற்கு 'ஐ ஷோட் ஹிம் தி ரோப்' என்று எழுதலாமா?
— கடை உரிமையாளர், திசையன்விளை

'ரோப்ஸ்' என்று பன்மையில் எழுதுங்கள் அண்ணாச்சி. பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று புது ஆளுக்குக் காட்டியதிலிருந்து வந்த வழக்கு. கற்பிப்பவர் 'ஷோஸ் ஹிம் தி ரோப்ஸ்', கற்பவர் 'லேர்ன்ஸ் தி ரோப்ஸ்'. ஒற்றைக் கயிற்றைக் காட்டினேன் என்றால் பையன் பயந்துவிடுவான்.

எங்கள் மகளிர் குழு, பாய் நெசவுப் பயிற்சிக்கு நிதி கேட்டு ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதுகிறது. 'தி க்ராஃப்ட் ஹாஸ் எ ஸ்டீப் லேர்னிங் கர்வ், ஸோ தி விமன் வில் லேர்ன் ஃபாஸ்ட்' என்று ஒரு வரி. படித்துப் பார்த்தவர், அது நேர் எதிராக இருக்கிறது என்கிறார்.
— மகளிர் குழு உறுப்பினர், பத்தமடை

அவர் சொல்வது சரி. ஆனால் உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

லேர்னிங் கர்வ் என்பது வரைபடம். படுக்கைக் கோட்டில் நேரம், நிமிர்ந்த கோட்டில் கற்ற அளவு. கோடு செங்குத்தாக ஏறினால் கொஞ்ச நேரத்தில் நிறையக் கற்றார் என்று அர்த்தம். கணக்குப்படி 'ஸ்டீப்' என்றால் வேகம். மக்கள் வழக்கு கணக்கைப் பார்க்கவில்லை. செங்குத்து என்றதும் மலையேற்றத்தை நினைத்துக்கொண்டது. இன்று 'ஸ்டீப் லேர்னிங் கர்வ்' என்றால் ஆரம்பத்தில் படாத பாடு பட வேண்டியது என்றே எல்லோரும் படிப்பார்கள். உங்கள் அறிக்கையைப் படிக்கும் அதிகாரி, 'கடினமான கைத்தொழில், ஆகவே சீக்கிரம் கற்பார்கள்' என்று புரிந்துகொண்டு குழம்புவார்.

தொழிற்சாலைகளில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1936-இல் அமெரிக்க விமானப் பொறியாளர் டி.பி. ரைட், செய்யும் விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் போதெல்லாம் ஒரு விமானத்துக்கு ஆகும் சராசரி உழைப்பு நேரம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று காட்டினார். முதல் ஒன்றுக்கு 100 மணி என்றால், இரண்டு செய்யும்போது சராசரி 80, நான்குக்கு 64, எட்டுக்கு 51. அந்த வரைபடத்தில் கோடு இறங்கும். ஏறுவதா இறங்குவதா என்றே ஆளுக்கு ஆள் மாறும் தொடரை நிதி கேட்கும் அறிக்கையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

பதிலுக்கு, வேலையைப் படியாகப் பிரித்து எழுதுங்கள். கோரையைக் கீறுவது, காயவைப்பது, ஓடும் தண்ணீரில் ஊறவைப்பது, சாயம் ஏற்றுவது, பாவு கட்டுவது, நெய்வது. ஒவ்வொன்றுக்கும் புது ஆளுக்கு எத்தனை வாரம் பிடிக்கும், எந்த இடத்தில் பொருள் வீணாகும் என்று உங்கள் குழுவில் மூத்த கைகளுக்குத் தெரியும். அந்த எண்களைப் போடுங்கள். 'எ பிகினர் நீட்ஸ் … வீக்ஸ் டு ஸ்ப்ளிட் தி ரீட் ஈவன்லி' என்று எழுதி, இடைவெளியில் உங்கள் எண்ணை நிரப்பினால் பயிற்சிக் காலத்துக்கும் உதவித்தொகைக்கும் அதுவே காரணமாகிவிடும்.

'பை-ஹார்ட் பண்ணினேன்' என்பதை 'ஐ பை-ஹார்ட்டட் தி போயம்' என்று எழுதலாமா?
— பள்ளி மாணவி, வள்ளியூர்

கூடாது. 'ஐ லேர்ன்ட் தி போயம் பை ஹார்ட்.' 'பை ஹார்ட்' வினை அல்ல. 'லேர்ன்' கூடவே வர வேண்டும்.

பழமொழி இருக்கட்டும். எங்களிடம் கன்னி இனத்து நாய் ஒன்று, 8 வயது, இருக்கிறது. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் கூப்பிட்டு வராது. இந்த வயதில் பழக்க முடியுமா?
— விவசாயி, சங்கரன்கோவில்

கால்நடை மருத்துவர் பதில்: முடியும், நேரம் கூடுதலாகப் பிடிக்கும். இந்தப் பழமொழியின் மூலக்கருத்து 16-ஆம் நூற்றாண்டு ஆங்கில வேளாண் நூல் ஒன்றிலேயே இருக்கிறது. ஆட்டுக்காரரின் நாய் குட்டியிலேயே பழக வேண்டும், மூக்கைத் தரையில் தாழ்த்தி மோப்பம் பிடிக்கக் கிழ நாயைப் பழக்குவது கடினம் என்கிறது. கடினம் என்றுதான் சொல்கிறது; முடியாது என்பது பின்னால் ஏறிய மிகை. 2016-இல் வியன்னா ஆராய்ச்சியாளர்கள் 5 மாதம் முதல் 13 வயது வரையுள்ள 95 பார்டர் காலி நாய்களைத் தொடுதிரையில் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். வயதான நாய்களுக்குக் கூடுதல் முறை தேவைப்பட்டது. தவறென்று ஏற்கெனவே தெரிந்த படத்தைக் கழித்துவிட்டுச் சரியானதை ஊகிக்கும் சோதனையில் அவையே முந்தின.

முதலில் காது, கண், மூட்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். முதுகுப் பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினால் திரும்புகிறதா? திரும்பாவிட்டால் அது அடங்காத நாய் அல்ல, காது மந்தமான நாய். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். காது மந்தம் என்றால் கையசைவில்தான் பழக்க வேண்டும்.

கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். முயலோ கோழியோ ஓடினால் உங்கள் குரல் அதற்கு இரண்டாம்பட்சம். அதனால் தோட்டத்தில் தொடங்காதீர்கள், முற்றத்தில் தொடங்குங்கள். வேகவைத்த கோழிக்கறியைத் தோலும் எலும்பும் உப்பும் இல்லாமல் கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். சாப்பாட்டுக்கு முன், வெயில் ஏறுமுன், ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. நான்கடி தூரத்தில் நின்று ஒரே ஒரு முறை 'வா' சொல்லுங்கள். வந்த அந்த நொடியே துண்டு வாயில் விழ வேண்டும். பையில் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தால், உட்கார்ந்ததற்கோ குரைத்ததற்கோ கூலி கிடைத்ததாக நினைத்துக்கொள்ளும். பத்துக்கு ஒன்பது தடவை வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள். அதன்பிறகு தோட்டத்தில் 10 மீட்டர் நீளக் கயிற்றோடு அதே பாடம். ஓடும் நாய் கயிற்றின் முனையில் சுண்டி நின்றால் கழுத்தில் அடிபடும் என்பதால், கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புக் கச்சையில் மாட்டுங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒருவர் 'வா', ஒருவர் 'ஏல, வாலே', ஆச்சி 'ச்சூ ச்சூ' என்று வீட்டில் ஆளுக்கொரு சொல் சொன்னால் நாய்க்கு அவை மூன்றும் மூன்று சொற்கள். எல்லோரும் ஒன்றைப் பிடியுங்கள். அடுத்தது, கூப்பிட்டு வந்ததும் 'எங்கே போனே' என்று ஓர் அடி. ஓடியதற்கு அடித்ததாக நீங்கள் நினைப்பீர்கள். வந்ததற்கு அடித்ததாக நாய் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் துண்டைக் கொடுங்கள். கூப்பிட்டு உடனே சங்கிலி மாட்டுவதும் அதே பலனைத்தான் தரும். பத்துத் தடவை கூப்பிட்டால் எட்டுத் தடவை துண்டைக் கொடுத்து மறுபடி அவிழ்த்துவிட்டுவிடுங்கள்.

'உட்கார்' பழக்குவதில் மெனக்கெட வேண்டாம். மெலிந்து நீண்ட தொடையுள்ள இந்த இனங்களுக்கு உட்காருவது சௌகரியமான நிலை அல்ல. எட்டு வயதில் மூட்டு வலியும் சேர்ந்திருக்கலாம். 'நில்' அல்லது 'படு' போதும்.